நானூற்றுப் பன்னிரண்டாவது எதிரி

மூன்றாம் மாடி வீட்டின் கதவு சாத்தப்பட்டதற்கும் தில்லைநாதனின் மூச்சு நின்றதற்கும் இடையில் அறுபது மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தன. சங்கத் தலைவர் அரசரத்தினம் அதை அறுபத்தொரு மணித்தியாலம் என்று எழுதி வைத்திருந்தார். கூடிப்போன அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான்கு பேர் ஐம்பது நிமிடம் விவாதித்தார்கள். தில்லைநாதன் உயிரோடு இருந்த கடைசி வருடத்தில் அவரைப் பற்றி யாராவது ஐந்து நிமிடம் பேசியதாக அவருடைய மகள் லக்சாயினிக்கு நினைவில்லை.

சங்கத்தின் முழுப்பெயர் 'ஆதி மோர்மன்களின் எதிரிகளுக்கு நேர்ந்தவற்றைத் தொகுத்துப் பேணும் சங்கம், வின்டர்தூர்'. குடியிருப்பு மையத்தின் அறிவித்தல் பலகையில் அவ்வளவுக்கும் இடம் இல்லாததால் 'தமிழ்க் குழு, அறை 2' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மையத்தின் பொறுப்பாளரான சுவிஸ் பெண்மணி அதை ஒரு சமையல் வகுப்பு என்று நினைத்திருந்தார். இவ்வளவு சுத்தமாகச் சமைக்கும் குழுவைத் தான் கண்டதில்லை என்று ஒருமுறை பாராட்டியும் இருந்தார்.

சங்கத்தின் வேலை இதுதான். ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் மோர்மன் என்ற சமயம் புதிதாகத் தோன்றியபோது, மிசூரியிலும் இலினோயிலும் இருந்த அயலவர்கள் அந்த மக்களைத் துரத்தினார்கள், வீடுகளை எரித்தார்கள், சிறையில் வைத்து அவர்களுடைய நிறுவனரையே கொன்றார்கள். இவை நடந்தவை. அப்படிச் செய்தவர்கள் எல்லோரும் பிறகு புழுப்பிடித்தும் பார்வை இழந்தும் பிச்சை எடுத்தும் செத்தார்கள் என்று கதைகள் எழுந்தன. அந்தக் கதைகளைத்தான் சங்கம் சேர்த்தது. திருச்சபைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சங்க விதிகளின் முதலாம் பிரிவே அதைத் தடித்த எழுத்தில் சொன்னது. நால்வரில் ஒருவர்கூட அமெரிக்காவைக் கண்டதில்லை.

அரசரத்தினம் இந்தச் சமயத்துக்கு வர முன்னர் ஒரு கோயில் நிர்வாக சபையில் பதினொரு ஆண்டுகள் இருந்தவர். தேர் இழுத்த நாளில் சத்தம் என்று முறைப்பாடு செய்த அயல்வீட்டுக்காரரின் நாய் செத்ததையும், தலைவர் பதவிக்குத் தன்னோடு போட்டியிட்டவரின் கார் பனியில் வழுக்கியதையும் அவர்தான் முதன்முதலில் இணைத்துச் சொன்னவர். நிர்வாக சபை இரண்டாக உடைந்தபோது இரண்டு பக்கமும் அவரைச் சேர்க்கவில்லை. அதன்பின் ஞானஸ்நானம் பெற்றார். விபூதியை விட்டார், மோர்மன்கள் தொடாத தேநீரையும் விட்டார். இணைத்துச் சொல்வதை விடவில்லை.

லக்சாயினிக்கு இருபத்தேழு வயது. உயிரியல் படித்தவள். நகரின் குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. கண்ணாடித் தட்டுகளில் வளரும் கிருமிக் கூட்டங்களை எண்ணி ஒரு படிவத்தில் எழுதுவது அவள் பொறுப்பு. பெரும்பாலான நாட்களில் எண்ணிக்கை பூச்சியம். தாய் இறந்து பதின்மூன்று வருடம். அண்ணன் விஜிதரன் கனடாவில். அப்பா பங்குனி மாதத்தில் போனபின், தான் ஒரு கிழமையில் எத்தனை சொல் பேசுகிறாள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். வேலையிடத்தில் காலை வணக்கமும் மாலை வணக்கமும் ஐந்து நாளைக்கு இருபது சொல். கடையில் நன்றி. வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் காலை வரைக்கும் ஒன்றுமில்லை. கட்டடத்தின் சலவை அறையில், துணி உலர்த்தியின் வடிகட்டியிலிருந்து பஞ்சை எடுக்க மறந்ததற்காக யாரோ அயலவர் அவளுக்கு ஒரு கண்டிப்பான குறிப்பு எழுதி ஒட்டியிருந்தார். கையால் எழுதியது. தொடக்கத்தில் அவளுடைய பெயர் இருந்தது. அதை அவள் எறியவில்லை.

சங்கத்தின் செயலாளர் கஜலக்சுமி அவளை ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார்.

“நீ தில்லையண்ணையின்ர மகளல்லோ?”

“ஓம் அன்ரி.”

“சனிக்கிழமையளில என்ன செய்யிறனி?”

“ஒண்டுமில்லை.”

“இங்கிலீசு வாசிப்பாய்தானே? எக்செல் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப மூண்டு மணிக்கு வா. கேக் இருக்கும்.”

அவள் போனாள். நான்கு கதிரைகள், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, மூலிகைத் தண்ணீர் நிறைந்த சுடுநீர்க் குடுவை. தேத்தண்ணி இல்லாத ஒரு தமிழ்க் கூட்டத்தை அவள் முதன்முதலாக அன்றுதான் பார்த்தாள். ஆவணக் காப்பாளர் யேசுதாசன், முந்தி ஒரு உணவகச் சமையற்கட்டில் வேலை செய்து இளைப்பாறியவர், அவளுக்கு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். வாழைப்பழக் கேக்கின் ஓரத்துண்டு அவளுக்குப் பிடிக்கும் என்பதை இரண்டாம் கிழமையே கண்டுகொண்டு, அதைக் கடதாசியில் சுற்றி ஒதுக்கி வைக்கத் தொடங்கினார். மூன்றாம் கிழமை அவளுக்குத் தடிமன் என்று கேட்டுக் கஜலக்சுமி ஒரு கம்பளிச் சால்வை கொண்டுவந்தார். ஏழாம் நாளை நினைத்து ஆறு நாட்களை அவள் கடத்தினாள்.

பதிவேட்டில் நானூற்றுப் பதினொரு எதிரிகள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எண், தொழில், செய்த குற்றம், நேர்ந்த முடிவு, தண்டனையின் வகை. வகைகள் ஐந்து. அ: திடீர்ச் சாவு. ஆ: இழுபட்ட சாவு. இ: வறுமை. ஈ: நிம்மதியற்ற செல்வம். உ: நீண்ட ஆயுள்.

கடைசி வகை முதலில் அவளுக்கு விளங்கவில்லை. நூற்றுப் பதினேழாம் எண்காரன் மிசூரியில் மா அரைக்கும் ஆலை ஒன்று வைத்திருந்தவன். மோர்மன்களின் களஞ்சியத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தான். பதினொரு பிள்ளைகள். பின்னாளில் நீதவான். தொண்ணூற்றொரு வயதில் நித்திரையில் போய்ச் சேர்ந்தான்.

“இவருக்கு என்ன தண்டனை, அங்கிள்?”

“நித்திரையிலதானே செத்தவர்?” என்றார் அரசரத்தினம். “மனம் திரும்ப ஒரு நிமிசம்கூடக் குடுபடேல்லை. யோசிச்சுப் பாரும். பயங்கரம்.”

“தொண்ணூற்றொரு வருசம் இருந்தவரே.”

“அதைத்தான் சொல்லுறன். தொண்ணூற்றொரு வருசம் அந்தக் குற்றத்தைச் சுமந்தவன். எங்கட ஆக்களுக்கு ஆண்டவர் அப்பிடிச் செய்யமாட்டார். வெள்ளெனக் கூப்பிட்டுக்கொள்ளுவார்.”

யேசுதாசன் மேசைக்கு அடியில் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். “அப்ப எனக்கு எழுபத்தொண்டு, அண்ணை. நான் எந்தப் பக்கம்?”

“பகிடியை விடும் யேசு.”

இருநூற்றெட்டாம் எண்காரன் ஒரு பத்திரிகை ஆசிரியன். மோர்மன்களைத் திட்டிப் பத்து வருடம் எழுதியவன். அறுபது வயதில் பல் விழுந்தது. தண்டனை ஆ. முந்நூற்று நாற்பதாம் எண்காரனுக்கு மனைவி ஓடிப்போனாள். முந்நூற்று நாற்பத்தொன்றுக்கு மனைவி ஓடிப்போகவில்லை. இரண்டுமே தண்டனைதான். இரண்டாவதற்கு ஆதாரமாக, அந்த மனைவி தன் தங்கைக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

லக்சாயினி எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். ஒரு நாள், மிகுந்த யோசனைக்குப் பின், வாயைத் திறந்தாள். அதுவரை அவள் அந்த அறையில் பேசிய ஆக நீளமான பேச்சு அது.

“எங்கட ஆய்வுகூடத்தில ஒவ்வொரு நாளும் ஒரு வெறும் தட்டும் வைப்பம். அதில தண்ணி விடமாட்டம். மற்றத் தட்டுகளோட சேர்த்து வைச்சு, அடுத்த நாள் பாப்பம். வெறும் தட்டிலயும் வளர்ந்திருந்தால், தண்ணியைக் குற்றம் சொல்லேலாது. அதைப்போல இதிலயும்… அதே ஊரில, அதே காலத்தில இருந்த மோர்மன்கள் எப்பிடிச் செத்தவை எண்டும் எழுதினால்…”

“அவை எதிரியள் இல்லையே,” என்றார் கஜலக்சுமி.

“ஓம் அன்ரி. அதுக்காகத்தான்.”

அரசரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை வரும்.

“பிள்ளை, நீர் படிச்ச பிள்ளை. விளங்கிக்கொள்ளும். எங்கட ஆக்கள் செத்தால் அது சோதனை. அவங்கட ஆக்கள் செத்தால் அது தீர்ப்பு. அவங்கள் சாகாட்டில் அது ஆண்டவரின்ர பொறுமை. இதில வெறும் தட்டுக்கு எங்க இடம்? எங்கட பதிவேட்டில எல்லாத் தட்டிலயும் வளரும். அதுதான் அதின்ர பெலம்.”

கஜலக்சுமி அதை அப்படியே புரோட்டோகோலில் எழுதினார். கூட்டக் குறிப்பைச் சுவிஸ்காரர் சொல்வது போலத்தான் சங்கத்திலும் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் கூட்டம் நடக்கவில்லை என்று பொருள்.

அன்றிரவு பழைய குடியேற்றப் பட்டியல்களிலிருந்து அறுபது மோர்மன்களை எடுத்து, அவர்களுடைய வயதை எதிரிகளின் வயதோடு வைத்துப் பார்த்தாள். எதிரிகள் சராசரியாக ஒரு வயது கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரு வயது ஒன்றுமில்லை. கணக்கில் அது தூசு. ஆண்டவர் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. அட்டவணையை யாருக்கும் காட்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது அவளுக்கு வென்ற எண்ணம் வரவில்லை. வீட்டில் வேறு யாராவது இருந்திருந்தால் 'இங்க பாருங்கோ' என்று சொல்லியிருக்கலாம் என்பதுதான் வந்தது.

ஐப்பசியில் சங்கத்தின் பொருளாளர் யோகராஜா விலகினார். அவள் வர முன்னரே கூட்டங்களுக்கு வராமல் விட்டவர். விலகல் கடிதம் ஒரே வரி. அடுத்த கிழமை அவர் அதிவேகமாக ஓட்டியதற்காகச் சாரதி அனுமதிப்பத்திரம் ஒரு மாதத்துக்குப் பறிக்கப்பட்டது. அரசரத்தினம் அதைப் பதிவேட்டின் பின்னிணைப்பில் சேர்த்தார்.

“அது ராடர் பெட்டி பிடிச்சதெல்லோ, அண்ணை?” என்றார் யேசுதாசன்.

“பெட்டியை அந்த இடத்தில வைக்கச் சொன்னது ஆர்?”

“கன்டோன் பொலிஸ்.”

“அவையளுக்கு மேல?”

யேசுதாசன் மூலிகைத் தண்ணீரைக் குடித்தார். அந்த அறையில் மறுத்துப் பேசிய ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போகும்போது படியில் கொஞ்சம் கவனமாக இறங்குவதை லக்சாயினி கண்டிருக்கிறாள்.

கார்த்திகையில் சங்கத்துக்குப் பத்து வயது நிறைவு. விழா எடுப்பதென்றும், விழாவில் ஒரு புதிய பதிவை வெளியிடுவதென்றும் தீர்மானமாகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் உள்ளே வந்தபோது மூவரும் எழுந்து நின்றார்கள். இதற்கு முன் அப்படி நின்றதில்லை.

“இரும் பிள்ளை,” என்றார் அரசரத்தினம். குரலில் ஒரு கனிவு. “உம்மட அப்பாவுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு.”

கஜலக்சுமியின் வீட்டில் முன்னர் வாடகைக்கு இருந்த இரண்டு மோர்மன் ஊழியப் பெண்கள், நாடு திரும்பும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தை மறந்து விட்டுப் போயிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசும் பிள்ளைகள். எந்த வீடு, எத்தனை மணி, என்ன பதில் என்று ஒழுங்காக எழுதியிருந்தார்கள். பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் கீழ் லக்சாயினியின் வீட்டு விலாசம் இருந்தது. மூன்றாம் மாடி, இடப்பக்கம், தமிழ்க் குடும்பம். 17.10. மறுப்பு.

“ஞாயிறு விடிய ஆறரைக்கு ஆள் முடிஞ்சுது,” என்றார் அரசரத்தினம். “அறுபத்தொரு மணித்தியாலம் இருபது நிமிசம். நானூற்றிப் பதினொரு பேரில இவ்வளவு கிட்டவா ஒருத்தருக்கும் அமையேல்லை. எல்லாரும் வெள்ளைக்காரர். முதல் தமிழன் உம்மட அப்பா.”

அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். “இது ஆதி மோர்மன்களின்ர எதிரியளுக்கான பதிவேடு, அங்கிள். நூற்றித் தொண்ணூறு வருசத்துக்கு முந்தின…”

“ஆதி எண்டது இடத்துக்கு இடம் மாறும். தமிழருக்கு இப்பதான் ஆதி.”

“அப்பாவுக்கு இருதய வருத்தம். ஏழு வருசமா இருந்தது.”

“அதைத்தான் பாரும். ஏழு வருசம் சும்மா இருந்த வருத்தம் ஏன் அந்த ஞாயிறு வெளிக்கிட்டது?”

“வேற ஒரு நாள் வந்திருந்தால்?”

“அந்த நாள் வரைக்கும் எண்ணியிருப்பம்.” அவர் கடதாசியை அவள் பக்கம் தள்ளினார். “நீர் கணக்குப் பிள்ளை. மணித்தியாலத்தை ஒருக்கால் சரிபாரும்.”

“அறுபது,” என்றாள் அவள்.

“எப்பிடி?”

“அந்த ஞாயிறு விடிய ரெண்டு மணிக்கு மணிக்கூட்டை மூண்டுக்கு மாத்தினவை. கோடை நேரம். அறுபது மணித்தியாலம் இருபது நிமிசம்.”

அவள் விரல் மடிக்கவில்லை, பேனையைத் தொடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த எண்ணை அவள் எட்டு மாதத்துக்கு முன்னரே கணக்குப் பார்த்து முடித்திருந்தாள். உயிரியல் படித்தவளுக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று அப்போது தன்னையே கேட்டாள். பிறகும் பல தடவை பார்த்தாள்.

யேசுதாசன் நாடியைச் சொறிந்தார். “அப்ப ஆண்டவர் ஒரு மணித்தியாலம் முந்திப்போட்டார்.”

“ஆண்டவர் முந்தமாட்டார். மணிக்கூட்டை மாத்தினது ஐரோப்பாக்காரர்,” என்றார் அரசரத்தினம்.

“அப்ப அவருக்குக் கோடை நேரம் உண்டோ இல்லையோ?” என்றார் கஜலக்சுமி, பேனையை உயர்த்தியபடி. “எனக்குப் புரோட்டோகோலில ஒரு எண் வேணும். ரெண்டு எண் எழுதேலாது.”

ஐம்பது நிமிடம் போனது. மாடுகள் கோடை நேரத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று யேசுதாசன் சொன்னார். மாடும் ஆண்டவரும் ஒன்றோ என்று அரசரத்தினம் கேட்டார். சுவிஸ் சட்டத்தை மீறும் எந்தச் செயலிலும் சங்கம் ஈடுபடாது என்ற ஒன்பதாம் பிரிவைக் கஜலக்சுமி வாசித்தார். கடைசியில் கை உயர்த்தினார்கள். ஆண்டவர் குளிர்கால நேரத்தையே பின்பற்றுகிறார், எனினும் வெளியீடுகளில் உள்ளூர் நேரம் பயன்படுத்தப்படும் என்ற தீர்மானம் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறியது. லக்சாயினி நடுநிலை. ஒரு மனிதன் செத்த நேரத்துக்கு வாக்கெடுப்பு நடந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதனின் சவர மெசின் இன்னும் அவளுடைய குளியலறைத் தட்டில் இருந்தது.

பிறகு படிவம் வந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் காரணமாக அண்மையில் இறந்தவர்களுக்கு ஒப்புதல் தேவை என்று அரசரத்தினம் விளக்கினார்.

'கீழே கையொப்பமிடும் நான், மேற்படி இறந்தவரின் மிகக் கிட்டிய உறவினர் என்ற முறையில், அவர் ஆண்டவரால் தண்டிக்கப்பட்டார் என்பதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை என உறுதியளிக்கிறேன். இவ்வொப்புதலை முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் மீளப்பெறலாம்.'

“மீளப்பெற்றால் ஆள் எழும்பி வந்திடுவாரோ?” என்றார் யேசுதாசன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் முழுதாகச் சிரிக்கவில்லை.

“வீட்டை கொண்டுபோய் வாசிச்சுப்போட்டுத் தாறன்,” என்றாள் லக்சாயினி.

“வாசியும். ஆனால் ஒண்டு.” அரசரத்தினம் கண்ணாடியைக் கழற்றவில்லை. இது உரை இல்லை. “சங்கத்தின்ர தீர்மானத்துக்கு எதிரா நிக்கிறவை சங்கத்தில இருக்கிறது சரிவராது. உமக்காகச் சொல்லேல்லை. பொதுவாச் சொல்லுறன்.”

படிவம் அந்தக் கிழமை முழுக்கச் சமையலறை மேசையில் கிடந்தது. அதைத் தள்ளி வைத்து அவள் சாப்பிட்டாள். கையொப்பம் இட்டால், அப்பா நானூற்றுப் பன்னிரண்டு ஆவார். விழாவில் பெயரும் படமும் வரும். நகரத்துத் தமிழர் இனி அவரை அந்த எண்ணால் நினைப்பார்கள், அவரை நினைக்கிற வேறு ஆள் இல்லாதபடியால் அதுவே அவராகிவிடும். கையொப்பம் இடாவிட்டால், சனிக்கிழமை மூன்று மணி வெறும் சனிக்கிழமை மூன்று மணியாகிவிடும். இரண்டையும் அவள் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தாள். ஒரு கேக் துண்டுக்கும் ஒரு கதிரைக்கும் இவ்வளவு பாரம் இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை அண்ணனுக்கு அழைத்தாள்.

“விசர் வேலை,” என்றான் விஜிதரன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. “அதுகளை விட்டிட்டு வா.”

எங்கே வருவது என்று அவள் கேட்கவில்லை.

“அப்பா கடைசி நாளுகளில என்ன சொன்னவர் எண்டு நீ ஒருக்காலும் சொல்லேல்லை,” என்றான் அவன்.

“பெரிசா ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள்.

விழா குடியிருப்பு மையத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. நாற்பது கதிரை போட்டார்கள். இருபத்திமூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஆறு பேர் அதே நேரம் நடக்க இருந்த சதுரங்கக் கழகத்தின் கூட்டத்துக்கு வந்து, கேக்கைக் கண்டு தங்கிவிட்ட சுவிஸ்காரர். அரசரத்தினம் கறுத்தக் கோட்டுப் போட்டிருந்தார். மேடைக்குப் பின்னால் திரையில் பதிவேட்டின் வளர்ச்சி ஒரு வரைபடமாக ஏறிக்கொண்டு போனது.

“பத்து வருசத்துக்கு முந்தி எங்களிட்ட எட்டு எதிரியள்தான் இருந்தவை,” என்று அவர் தொடங்கினார். “இண்டைக்கு நானூறுக்கு மேல. எங்களை எதிர்க்கிற ஆக்கள் இல்லையெண்டால் எங்களுக்கு வேலை இல்லை. ஆண்டவர் எங்களை ஒருநாளும் வேலையில்லாமல் விட்டதில்லை. சிலபேர் கேக்கினம், தண்டிக்கப்படாத எதிரி ஒருத்தரும் இல்லையோ எண்டு. நாங்கள் தேடினனாங்கள். ஒருத்தரும் அம்பிடேல்லை. ஏனெண்டால், தண்டிக்கப்பட்டவையை மட்டும்தான் நாங்கள் பதியிறனாங்கள்.”

கை தட்டினார்கள். சதுரங்கக் கழகத்தாரும் தட்டினார்கள்.

அடுத்து திரையில் அப்பா வந்தார். மரண அறிவித்தலுக்குக் கொடுத்த அதே படம், சேர்ட்டின் மேல் பொத்தான் பூட்டியபடி. அதன் கீழே மூன்று வரி. 'பதிவு 412. தன் வாசல் தேடி வந்த தூதர்களின் முகத்தில் அடித்துக் கதவைச் சாத்தினார். உள்ளூர் நேரப்படி அறுபத்தொரு மணித்தியாலத்தில் அழைக்கப்பட்டார். வகை அ.'

முன்வரிசையில் இருந்த லக்சாயினியின் கைப்பையில் படிவம் கையொப்பம் இல்லாமல் மடிந்து கிடந்தது.

“எழுத்தில தரேல்லையெண்டாலும் பரவாயில்லை,” என்றார் அரசரத்தினம் ஒலிவாங்கியில், அவளைப் பார்த்து. “விதி பதினாலின்படி வாய்மொழி ஒப்புதலும் செல்லும். பிள்ளை இஞ்ச வாரும். ஓம் எண்டு ஒரு சொல் போதும்.”

அவள் எழுந்தாள். நான்கு பேருக்கு மேல் இருந்த இடத்தில் அவள் இதுவரை பேசியதில்லை. ஒலிவாங்கி அவளுடைய உயரத்துக்கு இல்லை. யேசுதாசன் வந்து அதைத் தாழ்த்திவிட்டு, போகாமல் பக்கத்தில் நின்றார். கஜலக்சுமி பேனையைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். மண்டபத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எட்டு மாதத்தில் இத்தனை பேர் அவளைப் பார்த்ததில்லை.

“அப்பா அண்டைக்குக் கதிரையால எழும்பேல்லை,” என்றாள்.

குரல் தன்னுடையதாக இல்லாமல் சுவர்களிலிருந்து திரும்பி வந்தது. அவள் நிறுத்தினாள். திரும்பவும் தொடங்கினாள்.

“எழும்ப ஏலாது. மாசி மாதத்திலயிருந்து நான்தான் தூக்கி இருத்துறனான். மணி அடிச்ச சத்தம் கேட்டவுடன அவர் சந்தோசப்பட்டார். ஆரோ வந்திருக்கினம், உள்ள கூப்பிடு எண்டார். ஆரெண்டாலும் பரவாயில்லை கூப்பிடு, தேத்தண்ணி போடு எண்டார். சேர்ட்டின்ர மேல் பொத்தானைப் பூட்டினவர். பதினொரு கிழமையா எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை.”

“பிள்ளை உணர்ச்சிவசப்படுறா,” என்றார் அரசரத்தினம், மண்டபத்தைப் பார்த்து. “அது இயல்பு. ஒப்புதல் எண்டு எழுதுங்கோ.”

கஜலக்சுமி எழுதவில்லை.

“ரெண்டு பிள்ளையளும் சிரிச்சுக்கொண்டு நிண்டவை,” என்றாள் லக்சாயினி. “ஒராள் வணக்கம் எண்டு தமிழில சொன்னவ. எனக்குப் பிறத்தி ஆக்களோட கதைக்க வராது. ஒருக்காலும் வந்ததில்லை. நான் திரும்பிப் போய், ஒருத்தருமில்லையப்பா, வீடு மாறி வந்திட்டினம் எண்டு சொன்னனான். அவர் பொத்தானைக் கழட்டினவர்.”

“இது ஒரு நடைமுறைப் பிரச்சினை,” என்றார் அரசரத்தினம், ஒலிவாங்கிக்குக் கையை நீட்டியபடி. “உபகுழு ஒண்டு போட்டுப் பாப்பம்.”

யேசுதாசன் ஒலிவாங்கியை அவர் கைக்கு எட்டாமல் மெல்லத் திருப்பிப் பிடித்தார். வீட்டில் ஒரு பிள்ளையைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“அப்ப கதவைச் சாத்தினது ஆர், மோனை?”

“நான்,” என்றாள் லக்சாயினி. “கதவைச் சாத்தினது நான்.”